அம்மாவின் கையில் ரத்தக்கட்டு: எதைப் பார்ப்பது, யாரிடம் போவது?

கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் 48 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய தாயாருக்கு 76 வயது. தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இளைய மகனின் குடும்பத்தோடு இருக்கிறார். இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிட்டு வருகிறார். 2021இல் மறதி நோய் என்று மருத்துவர் உறுதி செய்தார். மறு ஆண்டு, குடியிருக்கும் வீட்டை மகன் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். வாசகி தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை என ஆண்டுக்கு மூன்று முறை ஊருக்குப் போவது வழக்கம்.

இந்தப் பொங்கலுக்குப் போனவர், அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதற்காக ரவிக்கையைக் கழற்றியபோது, இரண்டு மேல்கைகளின் உட்புறத்திலும் காசு அளவில் நீலத் தடங்களைப் பார்த்திருக்கிறார். இடது கையில் ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஒன்று. மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்த கோடு ஒன்றும் இருந்திருக்கிறது. கடந்த மே மாதம் 57 கிலோ இருந்த எடை இப்போது 48. காலை பத்து மணி வரை எழுவதில்லை. எழுந்தாலும் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகிவிடுகிறது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், மருமகள் இருக்கும் திசையைப் பார்த்து, “அவளைக் கேட்டுட்டுக் குடு” என்கிறார்.

“அவ என் கையைப் புடிச்சு முறுக்குறா” என்று அம்மா ஒரு முறை சொன்னாராம். மறுநாள் கேட்டதற்கு, “யாரு, மருமகளா? தங்கம்ல அவ” என்றாராம். அதே அம்மா, “என் வளையலைத் திருடிட்டா” என்று அழுதிருக்கிறார். வளையல் அரிசி டின்னுக்குள் இருந்தது, போட்டு வைத்தவரும் அவரேதான். “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடுற மாத்திரையால லேசாப் பட்டாலே நீலமாயிடுது” என்பது தம்பியின் விளக்கம். புறப்படும் நேரத்தில் தம்பியின் எட்டு வயது மகன் வாசகியின் காதருகே வந்து, “அத்தை, ராத்திரி அப்பாயியைத் துண்டால கட்டிலோட கட்டுவாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க” என்றிருக்கிறான்.

வாசகியின் கேள்விகள் இவை: இது கொடுமைதானா, அல்லது நோயின் விளைவா? அறையில் யாருக்கும் தெரியாமல் கேமரா வைக்கலாமா? அம்மாவை என்னோடு அழைத்து வர எனக்கு உரிமை உண்டா? புகார் கொடுத்தால் தம்பி சிறைக்குப் போய்விடுவானா? எழுதிக் கொடுத்த வீடு என்னவாகும்?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில், “அம்மாவுக்கு நினைவு சரியில்லை, அதனால் அவர் சொல்வதை வைத்துத் தம்பியைச் சந்தேகிப்பது பாவமோ” என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தேகம் என்ற சொல்லைச் சிறிது நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, தம்பி சொன்னது முழுக்க முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் இரண்டு மாத்திரைகள் சாப்பிடும் 76 வயது மூதாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார்; அதன்பின் நாள் முழுவதும் தூங்கி வழிகிறார். முதியோர் நல மருத்துவன் என்ற முறையில் இந்த இரண்டு வரிகளைப் படித்ததும் எனக்கு வந்த முதல் கவலை கொடுமையைப் பற்றியது அன்று. தலைக்குள் ரத்தம் கசிந்திருக்குமோ என்பதுதான். வயதானவர்களின் மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால், அதைச் சூழ்ந்த உறைக்கும் மூளைக்கும் இடையே ஓடும் சிறு ரத்த நாளங்கள் இலேசான அடியிலேயே கிழியும். ரத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்து, இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக்கூடத் தூக்கமாகவும் தள்ளாட்டமாகவும் கூடுதல் குழப்பமாகவும் வெளிப்படும். அதை மறதி நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். தலைக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் சிகிச்சையும் உண்டு.

ஆகவே இந்த வாரமே அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தம்பியிடம் நீங்கள் சொல்லவேண்டியதும் இதுதான்: “விழுந்தாங்கன்னு சொன்னியே, தலையில அடிபட்டிருக்கான்னு பார்த்துடலாம்.” இதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை, பொய்யும் இல்லை. அவர் உடனே வண்டி பிடிக்கிறாரா, அல்லது “அதெல்லாம் தேவையில்லை” என்று தட்டிக் கழிக்கிறாரா என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். காயம் எப்படி வந்தது என்பதைவிட, காயம் வந்தபின் வீட்டார் என்ன செய்தார்கள் என்பது பல நேரங்களில் எங்களுக்கு அதிகம் சொல்லும். விழுந்த அன்றே மருத்துவரிடம் காட்டாதது அறியாமையாக இருக்கலாம், அலட்சியமாக இருக்கலாம், மறைக்க வேண்டிய ஏதோ ஒன்றாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் பரிசோதனை முதலில் நடக்கட்டும்.

ரத்தக்கட்டு எங்கே இருக்கிறது?

தம்பி சொன்ன மாத்திரை விளக்கத்தில் உண்மை இருக்கிறது. அந்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு இலேசாக இடித்தாலும் ரத்தம் கட்டும். மாத்திரையே சாப்பிடாத முதியவர்களுக்கும் முன்கையிலும் புறங்கையிலும் கருஞ்சிவப்புத் திட்டுகள் தாமாகவே வருவதுண்டு. தோல் மெலிந்து, அடியிலுள்ள நாளங்களுக்குத் தாங்கு இல்லாமல் போவதே காரணம். அவை வலிப்பதில்லை. அவற்றைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை.

ஆனால் மாத்திரை ரத்தக்கட்டைப் பெரிதாக்குமே தவிர, அது எங்கே வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில்லை. விழுபவர்களுக்கு அடிபடுவது எலும்பு துருத்திய இடங்களில்: நெற்றி, முழங்கை, முழங்கால், இடுப்பின் பக்கவாட்டு, கணுக்காலுக்கு மேலுள்ள முன்னெலும்பு. முதியவர்களுக்குத் தற்செயலாக ஏற்படும் ரத்தக்கட்டுகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது கைகால்களில்தான் இருக்கும். காது, கழுத்து, பிட்டம், உள்ளங்கால், பிறப்புறுப்பு, தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில் காயம் இருந்தால் விழுந்த கதையை அப்படியே ஏற்க மாட்டோம்.

நீங்கள் பார்த்ததோ மேல்கையின் உட்புறம். ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஒன்று. உங்கள் வலக்கையால் ஒருவருடைய மேல்கையை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். நான்கு விரல்களும் கட்டைவிரலும் எங்கே பதிகின்றன என்பது தெரியும். அது பிடியின் தடம். இங்கேயும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. குளியலறையில் விழுந்தவரைத் தூக்குபவர், பயிற்சி இல்லாதவராக இருந்தால், அக்குளுக்குக் கீழே கை கொடுக்காமல் மேல்கையைப் பற்றித்தான் இழுப்பார். குளிக்க மறுத்து அடம்பிடிக்கும் நோயாளியைப் பிடித்து உட்கார வைக்கும்போதும் இதே தடம் விழும். ஆக, பிடித்திருக்கிறார்கள் என்பதை மட்டும் அந்தத் தடம் சொல்கிறது. என்ன மனத்தோடு பிடித்தார்கள் என்பதை அது சொல்லாது. நிறத்தை வைத்து, “இது மூன்று நாள் பழையது, இது பத்து நாள் பழையது” என்று கணிப்பதும் சரிவராது. ஒரே நாளில் வந்த இரண்டு ரத்தக்கட்டுகள் வெவ்வேறு நிறத்தில் இருக்கலாம். அதைக் கொண்டு நீங்கள் ஒரு வழக்கைக் கட்டிவிடாதீர்கள்.

மணிக்கட்டைச் சுற்றிய கோட்டை என்னால் அவ்வளவு எளிதில் விளக்கிவிட முடியவில்லை. வளையல் இறுகியிருந்தால் ஒரு கோடு விழும். ஆனால் வளையல் அரிசி டின்னுக்குப் போய்விட்டது என்கிறீர்கள். குழந்தை சொன்ன துண்டோடு அந்தக் கோடு பொருந்திப் போகிறது.

எடையும் தூக்கமும்

எட்டு மாதங்களில் 57 கிலோவிலிருந்து 48 கிலோ என்பது உடல் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஐந்து விழுக்காடு குறைந்தாலே நாங்கள் காரணம் தேடத் தொடங்குவோம். மறதி நோயில் சாப்பிட மறப்பது, வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் அப்படியே வைத்திருப்பது, விழுங்கும்போது புரையேறுவது எல்லாம் உண்டு. பல்செட் தளர்ந்திருக்கலாம், தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு, புற்றுநோய் ஆகியவையும் பட்டியலில் இருக்கின்றன. அதே பட்டியலில், “தட்டை வெச்சேன், அவங்க சாப்பிடலை” என்று பத்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுவதும் இருக்கிறது. டயப்பர் மாற்றும் வேலையைக் குறைக்கத் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பதும் இருக்கிறது. தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கும் உங்கள் அம்மாவின் பழக்கத்தைப் படித்தபோது நான் நின்றது இங்கேதான். அவர் எதை மறந்தாலும் இதை மறக்காமல் இருக்கிறார்.

தூக்கத்துக்கு நான் சொன்ன தலைக் கசிவு ஒரு காரணம். சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு ஆகியவையும் உண்டு. இன்னொன்று, தூக்கம் தரும் மருந்து. மறதி நோயாளி இரவில் எழுந்து நடமாடும்போது, எப்போதோ எழுதிக் கொடுத்த அல்பிரசோலம், குவெட்டியாபின் போன்ற மாத்திரைகளை வீட்டாரே அரை ஒன்றாகக் கூட்டிக் கொடுப்பதை வாரந்தோறும் பார்க்கிறேன். கொடுப்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு கொடுப்பதில்லை. அவர்களும் மூன்று இரவுகள் தூங்காதவர்கள். ஆனால் இந்த மருந்துகளால்தான் பலர் விழுகிறார்கள். மனநோய்க்குத் தரப்படும் குவெட்டியாபின் வகை மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. ஒருவரைச் சும்மா கிடக்கச் செய்வதற்காக மருந்து கொடுப்பது, கையில் துண்டு கட்டுவதற்கு நிகரானது. கட்டு வெளியே தெரியாது என்பது ஒன்றே வேறுபாடு.

“நினைவு சரியில்லை, அதனால் அவர் சொல்வது செல்லாது”

இந்த எண்ணத்தைத்தான் நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். வைத்த பொருளை வைத்த இடம் மறந்து, காணாமல் போனதற்கு விளக்கம் தேடி, பக்கத்தில் இருப்பவர் மேல் திருட்டுப் பழி போடுவது மறதி நோயில் மிகவும் வழக்கமான அறிகுறி. அதிகம் பராமரிப்பவர் மேல்தான் அதிகம் பழி விழும். பாத்திரம் கழுவுகிறவர் கையில்தானே பாத்திரம் உடையும். வளையல் விஷயத்தில் உங்கள் தம்பி மனைவி பாவம்.

ஆனால் வளையல் திருட்டு பொய் என்பதால் கை முறுக்கியதும் பொய் என்று ஆகிவிடாது. மூளையில் நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும் பகுதி பழுதானாலும், அச்சம், வெறுப்பு, நெருக்கம் போன்ற உணர்ச்சிகளின் தடம் அதைவிட அதிக நாள் தங்கும். என்ன நடந்தது என்று சொல்லத் தெரியாமல், யாரைக் கண்டால் உடல் சுருங்க வேண்டும் என்று மட்டும் தெரிந்திருக்கும். அதனால் நான் நோயாளியின் சொல்லோடு உடலையும் கவனிப்பேன். குறிப்பிட்ட ஒருவர் அறைக்குள் வரும்போது கை மார்புக்கு முன் உயர்கிறதா? ஒருவர் ஊட்டினால் வாய் திறக்கிறவர், இன்னொருவர் ஊட்டினால் மூடிக்கொள்கிறாரா? என் அறையில் நான் தனியாகப் பேசவேண்டும் என்று சொன்னதும், உடன் வந்தவர் வெளியே போக மறுத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் தாமே பதில் சொல்கிறாரா? நீங்கள் போகும் மருத்துவரிடமும், அம்மாவைப் பத்து நிமிடம் தனியாகப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா ஏதாவது சொன்னால், சொன்ன சொல்லை மாற்றாமல் தேதியோடு எழுதி வையுங்கள். “மருமகள் அடிக்கிறாள் என்றார்” என்று நீங்கள் சுருக்கி எழுதுவதற்கும், “அவ என் கையைப் புடிச்சு முறுக்குறா” என்று அவர் வாய்ச்சொல்லையே எழுதுவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. “அடிச்சாங்களாம்மா? எங்க அடிச்சாங்க?” என்று மீண்டும் மீண்டும் கேட்காதீர்கள். மறதி நோயாளிகள் கேள்விக்குள் இருக்கும் பதிலையே திருப்பித் தருவார்கள். “கையில என்னம்மா ஆச்சு?” என்று ஒரு முறை கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

அந்தச் சிறுவன்

உங்கள் ஐந்து கேள்விகளில் அவனைப் பற்றி ஒன்றுமில்லை. எனக்கோ அந்த வீட்டில் அப்பாயிக்கு அடுத்தபடியாக அவன்மேல்தான் கவலை. எட்டு வயதுப் பிள்ளை, இரவில் தன் பாட்டி கட்டப்படுவதைப் பார்க்கிறான். வெளியே சொல்லக் கூடாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதை யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது வீட்டின் சூழலைப் பார்த்து அவனாகவே கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

அவனை உங்கள் உளவாளி ஆக்கிவிடாதீர்கள். தொலைபேசியில் அழைத்து, “நேத்து கட்டினாங்களா?” என்று கேட்பதோ, அவன் பேசுவதை ரகசியமாகப் பதிவு செய்வதோ, அவனைத் தன் பெற்றோருக்கு எதிரான சாட்சியாக வீட்டுக்குள்ளேயே நிறுத்திவிடும். அதே நேரம், “யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்துகொடுக்கவும் வேண்டாம். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாமல் போகலாம். “நீ சொன்னது நல்லது. இதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல. அப்பாயிக்கு உதவி பண்ண பெரியவங்க கிட்ட மட்டும் நான் பேசுவேன்” என்று சொன்னால் போதும். தம்பியிடம் பேசும்போது, துண்டு விஷயத்தைப் பிள்ளை வழியாகத் தெரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். மணிக்கட்டிலுள்ள தடத்தை நீங்களே பார்த்தீர்கள், அது போதும்.

அடுத்த முறை அவனையும் சற்றுக் கவனியுங்கள். நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் வந்திருக்கிறதா, பள்ளிக்குப் போகும் காலையில் வயிற்று வலி வருகிறதா, உரத்த குரல் கேட்டால் ஒடுங்குகிறானா, தன்னைவிடச் சிறியவர்களையோ நாய் பூனையையோ வழக்கத்துக்கு மாறாகத் துன்புறுத்துகிறானா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் நூறு காரணம் இருக்கலாம். பல சேர்ந்து, திடீரென்று, ஒரு குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தொடங்கியிருந்தால் பேசாமல் இருக்கக் கூடாது. பிள்ளையின் உடலிலேயே காயம் இருந்தாலோ, அவனும் அடிபடுகிறான் என்று தெரிந்தாலோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். நிரூபித்துவிட்டுத்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. விசாரிப்பது அவர்கள் வேலை.

கேமரா வேண்டாம்

அதே அறையில்தான் அம்மாவுக்கு உடை மாற்றுகிறார்கள், டயப்பர் மாற்றுகிறார்கள். அந்தக் காட்சிகள் உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்வதை அவர் விரும்புவாரா என்று கேட்டுப்பாருங்கள். அதைவிடப் பெரிய சிக்கல், காட்சி கிடைக்கும்வரை அவரை அங்கேயே விட்டு வைக்க வேண்டியிருக்கும் என்பது. ஆதாரத்துக்காக இன்னொரு அடிக்குக் காத்திருப்பதை நான் ஏற்க மாட்டேன்.

ஆதாரம் வேண்டுமானால் நேரான வழி இருக்கிறது. காயங்களை நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலோ ஐந்து ரூபாய் நாணயமோ வைத்துப் படமெடுங்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டு எடுங்கள். அரசு மருத்துவமனையில் காட்டினால், காயங்களின் இடம், அளவு, அவை எப்படி வந்தன என்று சொல்லப்பட்டது ஆகியவற்றை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். நம் ஊரில் ஏ.ஆர். காப்பி என்று சொல்லும் அந்தத் தாள், பின்னாளில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கேமராப் படத்தைவிட உறுதியாக நிற்கும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அம்மா இருக்கும் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஸ்கேனும் அங்கேயே எடுத்துவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நான் வழக்கறிஞன் இல்லை. ஆனால் இந்தத் துறையில் இருப்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன். பத்திரம் தொடர்பாக நீங்கள் அவசியம் ஒரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. அதன்படி நம் மாநிலத்தில் வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது; மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். வழக்கறிஞர் இல்லாமலேயே மனு எழுதிக் கொடுக்கலாம்; மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உதவுவார்கள். மூத்தவரால் இயலாதபோது அவர் சார்பில் வேறொருவர் மனு கொடுக்க வழி உண்டு. தீர்ப்பாயம் தானாக முன்வந்தும் எடுத்துக்கொள்ளலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவிடலாம். தம்பி சிறைக்குப் போவாரா என்றால், தீர்ப்பாயத்துக்குப் போனதாலேயே யாரும் சிறைக்குப் போவதில்லை. முதலில் சமரசத்துக்குத்தான் அனுப்பிப் பார்ப்பார்கள். முதியவரைக் கைவிட்டுவிடுவது அந்தச் சட்டத்தில் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். அடித்துக் காயப்படுத்துவது தனி; அது காவல் நிலையத்துக்கு உரிய குற்றம். இவை தவிர, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் வாழும் தாயாரும் அதன்கீழ்ப் பாதுகாப்புக் கேட்கலாம். 2016இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், எதிர்த்தரப்பு பெண்ணாக இருந்தாலும் கேட்கலாம்.

வீட்டுக்கு வருவோம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது செல்லாததாக்க இடமளிக்கிறது. நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பதில் தீர்ப்புகள் ஒரே திசையில் போகவில்லை. 2022இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியவர்களுக்குச் சாதகமாகச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில், அன்பினால் எழுதிக் கொடுத்தேன் என்பதற்குள்ளேயே பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று கொண்டது. உங்கள் அம்மா விஷயத்தில் இன்னொரு கோணமும் உண்டு: 2021இல் நோய் உறுதியாகி, 2022இல் கையெழுத்திட்டிருக்கிறார். என்ன எழுதித் தருகிறோம் என்று அன்று அவருக்குப் புரிந்ததா என்பது உரிமையியல் நீதிமன்றம் பார்க்க வேண்டிய கேள்வி. நோய் உறுதியானாலே கையெழுத்துச் செல்லாது என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்ப நிலையில் பலருக்குப் புரிதல் நன்றாகவே இருக்கும். இதற்கெல்லாம் காலக்கெடு இருப்பதால், வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆனால் ஒரு வேண்டுகோள். அம்மாவின் உடல்நலத்தையும் வீட்டையும் ஒரே பேச்சில் எடுக்காதீர்கள். “வீட்டுக்காகத்தான் அக்கா இப்படிக் கிளம்பியிருக்கா” என்று ஊரில் ஒருவர் சொல்லிவிட்டால், மேல்கையில் இருக்கும் ஐந்து தடங்களை அப்புறம் யாரும் பார்க்க மாட்டார்கள்.

உங்களோடு அழைத்து வருவது

அழைத்து வர யாருடைய அனுமதியும் தேவையில்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிள்ளைகள் என்றால் மகளும்தான். வீட்டை வாங்கிக்கொண்டதால் தம்பிக்குக் கூடுதல் கடமை இருக்கிறதே தவிர, உங்களுடைய கடமை தீர்ந்துபோகவில்லை. இதைச் சற்றுக் கடுமையாகச் சொல்கிறேனோ என்று எனக்கே தோன்றுகிறது. ஆனால் ஆண்டுக்கு மூன்று முறை வந்து போகிறவருக்கும், இரவு இரண்டு மணிக்கு வாசற்கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கும் ஒருவரை நாள்தோறும் பிடித்து இழுத்து வருகிறவருக்கும் ஒரே நோய் வேறு வேறு விதமாகத் தெரியும். உங்கள் தம்பி மனைவி கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினார் என்று உங்களுக்குத் தெரியுமா? கட்டியதை நான் நியாயப்படுத்தவில்லை. கட்டப்பட்ட மணிக்கட்டுக்குக் காரணம் தெரிந்து ஆகப்போவது எதுவும் இல்லை. ஆனால் அடுத்து என்ன செய்வது என்பது காரணத்தைப் பொறுத்தது. களைத்துப்போய்க் கட்டுகிற வீட்டை உதவி கொடுத்து மாற்றலாம். வஞ்சத்தோடு கட்டுகிற வீட்டிலிருந்து ஆளை வெளியே கொண்டுவர வேண்டும். உங்கள் வீடு இரண்டில் எது என்பதைத் தெரிந்துகொள்ள, உதவியை முன்வைத்துப் பாருங்கள். இரவுக்கு மட்டும் ஒரு உதவியாளரை அமர்த்தி அதற்கான சம்பளத்தை நீங்கள் கொடுப்பது, கதவின் மேல்பகுதியில் தாழ்ப்பாள், தாழ்வான கட்டில், செவிலியர் வீட்டுக்கு வந்து பார்க்கும்படி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அம்மாவின் பெயரைப் பதிவது, மூன்று மாதம் உங்களிடம் மூன்று மாதம் அவரிடம் என்ற முறை. களைத்தவர்கள் இதைக் கேட்டு அழுதுவிடுவார்கள். வெளியாள் ஒருவர் வீட்டுக்குள் வருவதையே எதிர்ப்பவர்களைப் பற்றி நான் கவலைப்படுவேன்.

கோயம்புத்தூருக்கு அழைத்து வருவதானால், நீங்கள் வேலைக்குப் போகும் பகலில் யார் இருப்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். புது வீட்டில் முதல் சில வாரங்கள் குழப்பம் அதிகரிக்கும்; “வீட்டுக்குப் போகணும்” என்று மாலையில் அழுவார். அதை வைத்து, தம்பி வீட்டில் நன்றாகத்தான் இருந்தார் போலிருக்கிறது என்ற முடிவுக்கு வராதீர்கள். அவர் தேடும் வீடு பெரும்பாலும் அவர் பிறந்த வீடாக இருக்கும்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. கழுத்தில் தடம், பிறப்புறுப்பில் ரத்தம், தலையில் அடிபட்டபின் எழுப்ப முடியாத தூக்கம், எலும்பு தெரியும் படுக்கைப் புண், ஒரு நாளாகச் சிறுநீர் வராமை, உங்களை அம்மாவைப் பார்க்கவே விடாமை ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் 108. வன்முறை நடந்துகொண்டிருந்தால் 112. தம்பி கதவைச் சாத்திவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணையோ 181 என்ற பெண்கள் உதவி எண்ணையோ அழைத்து, நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள்.

மருத்துவமனைக்குப் புறப்படும்போது அம்மாவின் பழைய மருந்துச் சீட்டுகளையும், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். காலி அட்டைகள் அலமாரியிலோ குப்பைக் கூடையிலோ கிடந்தால் அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் வாங்கிய அட்டையில் இப்போது எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே, அந்தத் தூக்கத்தைப் பற்றி நாங்கள் பாதி தெரிந்துகொள்வோம்.